கதையில் இல்லாத ஆடு

நான் எழுதிய தொடர்கதையில் ஆடு கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினான்கு வாரம் வந்த கதையில், மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு நாய் குரைக்கிறது, ஒன்பதாவதில் ஒரு மாட்டு வண்டி போகிறது. அவ்வளவுதான். இருந்தும் அந்தக் கதையைப் பற்றி யாராவது என்னிடம் பேச வந்தால் முதலில் ஆட்டைத்தான் கேட்டார்கள்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கப்பல் கப்பலாக ஊருக்கு அனுப்பிய வருஷங்களுக்குச் சற்றுப் பிந்திய காலம் அது. நான் கோலாலம்பூர் ரயில்வே சரக்குக் கொட்டகையில் கிராணியாக இருந்தேன். அந்தப் பக்கத்தில் குமாஸ்தாவைக் கிராணி என்பார்கள். பிரிக்பீல்ட்ஸில் தண்டவாளத்தை ஒட்டி ரயில்வே கொடுத்த இரண்டு அறை வீடு. கல்யாணமாகி நான்கு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் ஒரே ஒரு மேசை.

அந்த மேசையில் தினமும் காலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணிவரை எழுதுவது என்று விதி வைத்திருந்தேன். விதி என்பது பெரிய வார்த்தை. ஐந்து மணிக்கு எழுவேன். விளக்கைத் தூண்டுவேன். பேனா முள்ளைத் துடைப்பேன். மைப்புட்டியை வலப்பக்கம் வைப்பேன், சரியில்லை என்று இடப்பக்கம் மாற்றுவேன். ஒரு வாக்கியம் எழுதி அதை அடித்து முடிப்பதற்குள் யார்டில் எஞ்சின்கள் பெட்டி கோக்க ஆரம்பித்துவிடும். ஒவ்வொரு இடிக்கும் மேசை ஆடும். பக்கத்து வீட்டுக்காரர் கிணற்றடியில் வாய் கொப்பளிப்பார். அந்த மனிதர் வாய் கொப்பளிப்பதற்கு ஒரு அத்தியாயம் எழுதும் நேரம் எடுத்துக்கொள்வார். ஆறரைக்கு என் மனைவி வந்து நிற்பாள்.

"முடிஞ்சுதா? மேசைய விடுங்க, இடியாப்பம் புழியணும்."

ஒரு நாளும் முடிந்ததில்லை. விடுவேன்.

எழுதியது ரத்தான சரக்குப் படிவங்களின் பின்பக்கத்தில். முன்பக்கம் முழுக்க அரிசி மூட்டையும் மண்ணெண்ணெய்த் தகரமும். பின்பக்கம் என் கதாநாயகி. அவள் ஒரு தோட்டத்துப் பெண். பால்மரம் வெட்டுகிறவள், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவள். புருஷன் கப்பலேறி ஊருக்குப் போகிறான், திரும்பி வந்து கூட்டிப் போவதாகச் சொல்கிறான், வருவதில்லை. பதிமூன்றாம் அத்தியாயத்தில் ஒரு கடிதம் வருகிறது. அவன் அங்கே வேறு கல்யாணம் செய்துகொண்டுவிட்டான். பதினான்காம் அத்தியாயத்தில் அவள் ஆற்றில் இறங்கிவிடுகிறாள்.

உண்மையைச் சொல்லவேண்டும். நான் அதுவரை ஒரு தோட்டத்து லயத்துக்குள், அந்த வரிசை வீடுகளுக்குள், கால் வைத்ததில்லை. மூட்டை தூக்குகிறவர்கள் சாப்பாட்டு வேளையில் பேசிக்கொண்டதைக் காதில் வாங்கி எழுதினேன். கோலாலம்பூரில் பத்து ரோடு என்ற தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் அச்சுக்கூடம் வைத்து வாரப் பத்திரிகை நடத்திய ஆசிரியருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அவரே ஆசிரியர், அவரே அச்சுக் கோப்பவர், அவரே தபால்தலை ஒட்டுகிறவர். எட்டாம் அத்தியாயத்தின் கடைசி நான்கு வரிகளைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் கூந்தல் தைல விளம்பரம் போட்டார். போய்க் கேட்டதற்கு, "வரி போனா போகுது, சோகமா முடிங்க. சோகமா முடிச்சாத்தான் பேரு நிக்கும்" என்றார்.

பேர் நிற்க எனக்கும் ஆசைதான். அதனால் கதை பாதியில் இருக்கும்போதே அந்தச் சாவுக்கான வாக்கியத்தைத் தயார் செய்ய ஆரம்பித்துவிட்டேன். பதினொரு காலைகள் அந்த ஒரு வாக்கியத்துக்குப் போயின. 'ஆறு அவளை விழுங்கியது' என்று எழுதினேன். ஆறு என்ன முதலையா என்று அடித்தேன். 'அவள் ஆற்றோடு கலந்தாள்' என்று எழுதினேன். கோயில் பாட்டு மாதிரி இருந்தது. வேலைக்குப் போகும் வழியில் கிள்ளான் ஆற்றங்கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தேன். ஈயச் சுரங்கத்துச் சேறு கலந்து பால் விட்ட தேநீர் நிறத்தில் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை. பன்னிரண்டாவது காலையில், எஞ்சின் இடித்து மேசை ஆடி மை கொட்டியபிறகு, வந்தது: 'ஆறு அவளை வாங்கிக்கொண்டது.'

அன்று இடியாப்பம் இரண்டு அதிகம் சாப்பிட்டேன். மனைவியிடம் படித்துக் காட்டினேன். "எதுக்கு அவ சாகணும்?" என்று கேட்டுவிட்டுத் தேங்காய்ப்பால் ஊற்றினாள். இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆட்டைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவர் கிள்ளான் நகர ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிற கிராணி. வாரம் ஒருமுறை காகிதங்களோடு எங்கள் அலுவலகத்துக்கு வருவார். அப்போது பன்னிரண்டாம் அத்தியாயம் வந்திருந்தது.

"அண்ணே, உங்க கதை கிள்ளான்ல சக்கப்போடு போடுது லா. அந்த ஆடு கங்காணியோட தலப்பாவ மேஞ்சுச்சே, தையக்கடை வாசல்ல அத்தன பேரும் உருண்டு உருண்டு சிரிச்சாங்க."

"என் கதையில ஆடு இல்லையே."

"இருக்குண்ணே. நல்லாப் பாருங்க."

அவர் போனபின் பழைய இதழ்களையெல்லாம் எடுத்துவைத்துப் பார்த்தேன். விளம்பரம் நுழைத்த ஆசிரியர் ஆட்டையும் நுழைத்திருக்கலாம் அல்லவா. நுழைக்கவில்லை. தன் கதைக்குள் தானே ஆடு தேடிய கேவலம் வேறு எந்த எழுத்தாளனுக்கும் நேர்ந்திருக்காது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பதிமூன்றாம் அத்தியாயம் வந்த மறுநாள், ரயில்வே பாஸை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்கு வண்டி ஏறினேன்.

கடைத்தெருவில் ஒரு துணிக்கடை. அதன் வாசல் நடைவழியில் தையல் மிஷின் போட்டு ஒரு பாய் உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு குறைவாகவும் இருக்கலாம். கழுத்தில் அளவு நாடா, மிஷின் பலகைமேல் என் பத்திரிகை. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஆட்கள் பாசார் சந்தைக்கு வந்து துணி எடுத்து, அவரிடமே தைக்கக் கொடுத்துவிட்டு, தைத்து முடியும்வரை அங்கேயே குந்தியிருப்பார்கள். பதினைந்து இருபது பேர் இருந்தார்கள். அவர்களில் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. பாய் ரவிக்கைக்குத் தையல் ஓட்டுவார், நிறுத்துவார், பத்திரிகையைப் பார்த்துக் கொஞ்சம் படிப்பார், மறுபடி ஓட்டுவார். நான் ஒரு தூணோரமாக நின்றேன்.

முதல் பத்தியைப் படித்தார். என் பத்திதான். ஒரு எழுத்து மாறவில்லை. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. தபால்காரர் வருகிறார், கடிதத்தைக் கொடுக்கிறார், அவள் அதை வாங்குகிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூட வாத்தியாரிடம் கொண்டுபோகவேண்டும். இதுவரை நான் எழுதியது. அங்கே பாய் நிமிர்ந்து எதிரே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். பிறகு மிஷினை ஓட்டினார். நீளமாக ஒரு தையல். நின்றதும் பத்திரிகையைப் பார்த்தபடியே சொன்னார்:

"வாத்தியாரு வர்ற வரைக்கும்னு கடுதாசிய கூரையில சொருகி வச்சா. கால் கழுவிட்டு வந்து பாக்குறா, ஆடு வாயில பாதி இருக்கு."

கூட்டம் சிரித்தது. ஒரு கிழவர் தொடையில் தட்டிக்கொண்டார். நான் பத்து நாள் உட்கார்ந்து எழுதிய கடிதம் அது. வாத்தியார் அதைப் படிக்கப் படிக்க அவள் முகம் எப்படி மாறுகிறது என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். ஆடு மென்று தின்றுவிட்டது.

அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தேன். கதை எங்கே தட்டுகிறதோ அங்கே மனிதர் மிஷினை மிதிக்கிறார். யோசிப்பதற்குத்தான் அந்தத் தையல். ஒரு கை நீளத் தையலுக்குள் அவருக்கு அடுத்தது வந்துவிடுகிறது. எனக்குப் பன்னிரண்டு காலைகள். அந்த நிமிஷத்தில் எனக்கு அவர்மேல் வந்தது கோபமா பொறாமையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கூட்டம் தோட்டத்து லோரியைப் பிடிக்கக் கிளம்பியபின் அவர்முன் போய் நின்றேன்.

"அந்தக் கதைய எழுதினது நான்."

பாய் எழுந்து நின்றார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"எழுதினதப் படிக்காம எதையோ படிக்கிறீங்களே, இது நியாயமா?"

"நான் படிக்காம இல்லீங்க. பத்திரிக வந்த அன்னிக்கே வீட்டுல உக்காந்து முழுசாப் படிச்சிருவேன். கடுதாசி எடத்துல எனக்கே கண்ணுல தண்ணி வந்துச்சு. நல்லாத்தான் எழுதுறீங்க."

"அப்புறம் ஏன் ஆடு?"

"லயத்துல தனியா இருக்கிற பொம்பள ஆடு வளக்காம இருப்பாளா? மொத வாரமே கேட்டுட்டாங்க, ஏன் பாய் அவகிட்ட ஆடு இல்லன்னு. சரின்னு ஒண்ணக் குடுத்தேன்."

லயத்தில் ஆடு வளர்ப்பார்களா மாட்டார்களா என்று எனக்குத் தெரியாது.

"கடுதாசிய ஏன் திங்க விட்டீங்க?"

அவர் தெருமுனையைக் காட்டினார். லோரியின் பின்பலகையைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, நீலச் சேலை, முப்பது வயது இருக்கும். ரப்பர்ப் பால் பட்டுப் பட்டு நகமெல்லாம் கறுத்திருந்ததை முன்பே பார்த்திருந்தேன். தூணுக்கு மிக அருகே உட்கார்ந்திருந்தவள்.

"ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டம். புருஷன் ஊருக்குப் போயி மூணு வருஷம் ஆச்சு. ஒரு கடுதாசி இல்ல. வாரா வாரம் இந்தக் கதைக்குன்னே வர்றா. நீங்க எழுதிட்டுப் போயிருவீங்க, நாந்தானே அவ மூஞ்சியப் பாத்துப் படிக்கணும்."

"அதுக்காகக் கதைய மாத்துவீங்களா?"

"துணி உங்களுதுதாங்க. ஆளப் பாத்துத்தானே வெட்டணும்."

அதற்குமேல் நான் என்ன பேசினேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது, எழுத வெட்கமாக இருக்கிறது. கலை என்றேன். உண்மை என்றேன். துன்பத்தைத் துன்பமாகச் சொல்லும் தைரியம் வேண்டும் என்றேன். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே ஒரு பித்தானைத் தைத்து முடித்தார். கடைசியில், "அடுத்த வாரம் முடியுதாமே. நீங்களே வந்து படிங்க" என்றார்.

அந்த வாரம் என் விதி விதியாகவே இல்லை. ஐந்து மணிக்கு எழுந்து படிவத்தைப் பின்பக்கம் திருப்பினால், தாளில் நீலச் சேலை வந்து உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு வரியிலும் இது இவளுக்குத் தெரியுமா, இவள் இப்படிச் செய்வாளா என்று கேள்வி. லயத்திலிருந்து ஆற்றுக்கு எவ்வளவு தூரம்? தெரியாது. போகிற வழியில் யாரும் பார்க்கமாட்டார்களா? தெரியாது. இத்தனை நாள் தெரியாமலேயே எழுதிக்கொண்டிருந்தவனுக்கு இப்போது மட்டும் தெரியவேண்டியிருந்தது. தாளைக் கிழித்தேன். மனைவியிடம் எரிந்து விழுந்தேன். அவள் இடியாப்ப உழக்கை மேசைமேல் டொக்கென்று வைத்தாள்.

புதன்கிழமை அத்தியாயம் கொடுத்தாகவேண்டும். செவ்வாய்க்கிழமை காலை வீம்போடு உட்கார்ந்து முடித்தேன். ஒரு தையற்காரருக்காகக் கதையை மாற்றுவதா? அவள் நடந்தாள், கரைக்கு வந்தாள், ஆறு அவளை வாங்கிக்கொண்டது. ஆசிரியர் படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். இந்த முறை ஒரு வரிகூட வெட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கிள்ளான். அதே நடைவழி. கூட்டம் முன்னைவிட அதிகம், கடைசி வாரம் என்று பாய் சொல்லிவைத்திருக்கிறார். நீலச் சேலைக்காரி அன்று மஞ்சள் சேலையில் வந்திருந்தாள். பாய் என்னைப் பார்த்ததும் பத்திரிகையை எடுத்து என் கையில் கொடுத்தார். கூட்டத்திடம், "எனக்குத் தொண்ட சரியில்ல. இன்னிக்கு இந்தக் கிராணி ஐயா படிப்பாரு" என்றார். நான் யார் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. படித்து முடித்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

படித்தேன். ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். அவள் லயத்தை விட்டு இறங்குகிறாள் என்ற இடத்தில் கிழவர் கேட்டார்:

"ஆடு எங்க?"

"ஆடு இதுல இல்ல."

"கட்டிப் போட்டுட்டுப் போறாளா?"

நான் மேலே படித்தேன். துரோகத்தின் பாரம் அவள் கால்களைத் தள்ளியது என்று ஒரு வரி. நல்ல வரி என்று நினைத்திருந்தேன்.

"என்ன துரோகம்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"புருஷன் வேற கல்யாணம் பண்ணிட்டான் இல்லையா?"

"அது அவளுக்கு எப்படித் தெரியும்? கடுதாசியத்தான் ஆடு தின்னுருச்சே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. நான் பாயைப் பார்த்தேன். அவர் ஊசியில் நூல் கோப்பதில் மும்முரமாக இருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். பிடிவாதமாகக் கடைசிவரை படித்தேன். பன்னிரண்டு காலைகள் உட்கார்ந்து செய்த அந்த வாக்கியத்தை, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, சத்தமாகப் படித்தேன். ஆறு அவளை வாங்கிக்கொண்டது.

யாரும் அழவில்லை. யாரும் கோபப்படவுமில்லை. கிழவர் தாழ்ந்த குரலில் பக்கத்து ஆளிடம், "தப்பாப் படிக்கிறாரு" என்றார். அந்த ஆள் தலையாட்டினார். இன்னொருவர், "பாய், தண்ணி குடிச்சிட்டு நீங்களே படிங்க" என்றார்.

இதை எழுதியவனே நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது தூணோரம் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் என்னை அண்ணாந்து பார்த்தாள். முகத்தில் கேலி இல்லை. எனக்காக அவளுக்குச் சங்கடமாக இருந்தது, அவ்வளவுதான்.

"எழுத்துக் கூட்டிப் படிக்கிறது கஷ்டந்தான் கிராணி ஐயா. போகப் போக வந்துரும்" என்றாள்.

பத்திரிகையைப் பாயிடம் கொடுத்துவிட்டேன்.

அவர் அதே பக்கத்தைப் பிரித்து, நான் படித்த அதே வரிகள்மேல் விரலை வைத்தார். அவள் லயத்தை விட்டு இறங்கினாள் என்று படித்தார். ஏன் இறங்கினாள்? ஆட்டைக் காணோம். கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. பால்மரக் காட்டைத் தாண்டித் தேடிப் போகிறாள். ஆற்றங்கரைக்கு வந்துவிட்டாள். பொழுது சாய்கிறது, தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது, சுற்றிலும் யாருமில்லை. அங்கே பாய் மிஷினை ஓட்டினார். வெகுநேரம் ஓட்டினார். யாரும் அசையவில்லை. நான் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று போயிருக்கலாம். போகவில்லை.

மிஷின் நின்றது. கரையோரம் புல்லை மேய்ந்துகொண்டு ஆடு நிற்கிறது என்றார். அவள் அதைத் திட்ட ஆரம்பித்தாள். கடிதத்தைத் தின்றதற்கு, கங்காணியின் தலைப்பாவைத் தின்றதற்கு, கயிற்றை அறுத்ததற்கு, அப்புறம் ஆட்டுக்குச் சம்பந்தமே இல்லாத எதையெதையோ எல்லாம் சேர்த்துத் திட்டினாள். பாய் அந்தத் திட்டையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னார். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். போகப் போகச் சிரிப்பு நின்றுவிட்டது. திட்டி முடித்ததும் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள், இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று பாய் பத்திரிகையை மடித்தார்.

"வேற கடுதாசி வருமா பாய்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

பாய் மிஷினைத் தொட்டார், ஆனால் மிதிக்கவில்லை. "வரலாம்" என்றார். "வராமலும் போகலாம். தெரியல."

அவள் தலையை ஆட்டிவிட்டு, தைத்த ரவிக்கையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு லோரியைப் பார்த்து நடந்தாள்.

பின்னாளில் அந்தக் கதை புத்தகமாக வந்தது. சாவோடுதான் வந்தது. 'ஆறு அவளை வாங்கிக்கொண்டது' என்ற வரியைப் பாராட்டி இரண்டு பேர் எழுதினார்கள். அந்த வரி நல்ல வரிதான், இப்போதும் சொல்வேன். ஆனால் அன்று அந்த மிஷின் ஓடிக்கொண்டிருந்த நேரம் முழுக்க, தூணைப் பிடித்துக்கொண்டு, ஐயோ இறங்கிவிடாதே என்றுதான் நின்றுகொண்டிருந்தேன். அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. அவளை ஆற்றில் இறக்கியவனே நான். அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் எரிச்சலாக வருகிறது.